வல்லம் தந்த எண் மேதை சிவசங்கரநாராயண பிள்ளை

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வந்தது தமிழர் மரபு. எழுத்து என்னும் கண்ணால் உலகை அளந்த சான்றோரைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். விழா எடுத்திருக்கிறோம், மலர் வெளியிட்டிருக்கிறோம். எண் என்னும் கண்ணால் உலகை அளந்தோர் யாவர் என வினவினால், இராமானுசன் என்னும் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்திக் கொள்கிறோம். கும்பகோணத்தில் வளர்ந்து, கேம்பிரிட்ஜ் சென்று புகழ் பெற்று, 1920ஆம் ஆண்டில் தம் 32ஆம் வயதில் மறைந்த அம்மேதையின் ஒளி அத்தகையது. எனினும் அவரோடு தமிழகத்தில் எண் ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. அவர் மறைந்து பத்தாண்டுகள் ஆகுமுன்னரே மற்றொருவர் அத்துறையில் அடியெடுத்து வைத்தார். அயல்நாடு செல்லாமல், சிதம்பரத்திலும் கல்கத்தாவிலும் அமர்ந்தே உலகக் கணித அறிஞர்கள் வியக்கும் முடிவுகளைக் கண்டார். அவரே சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. உலகெங்கும் எண் கோட்பாடு பயில்வோர் பிள்ளை என்னும் பெயரை அறிவர். அவர் பிறந்த மண்ணில் வாழும் நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர் என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

பிறப்பும் இளமையும்

குற்றால அருவிக்கு அண்மையில் வல்லம் என்றொரு சிற்றூர் உள்ளது. அன்று நெல்லைச் சீமை என வழங்கிய அப்பகுதி இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகச் சிவசங்கரநாராயணர் பிறந்தார். பிறந்து ஓராண்டு கழிவதற்குள் அன்னையை இழந்தார். தாயின் முகமே நினைவில் நில்லாத அக்குழந்தையைத் தந்தையும், உறவினரான முதிய பெண்மணி ஒருவரும் வளர்த்து ஆளாக்கினர்.

சிறுவர் அருகிலிருந்த செங்கோட்டையில் பள்ளிக் கல்வி பெற்றார். செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அங்கே சாஸ்திரியார் என்னும் ஆசிரியர், இம்மாணவரிடம் கணிதத்தில் அமைந்திருந்த தனித்திறனைக் கண்டுகொண்டார். வகுப்பில் பல பிள்ளைகளுள் ஒரு பிள்ளையாய் அமர்ந்திருப்பவனிடம் எது உறங்குகிறது என உணர்வதற்குத் தனிக் கண் வேண்டும். அக்கண் சாஸ்திரியாருக்கு வாய்த்திருந்தது.

பள்ளி இறுதியாண்டில் இடி விழுந்தது. தந்தையும் காலமானார். தாயுமின்றித் தந்தையுமின்றி நின்ற அம்மாணவர்க்குப் படிப்பைத் தொடர வழியில்லை. இத்தகைய நிலையில் ஆயிரக்கணக்கான ஏழைச் சிறுவர்கள் கடையிலோ கழனியிலோ கணக்குப்பிள்ளை வேலையிலோ சேர்ந்து, தம் திறனைத் தாமும் அறியாமல் வாழ்ந்து மறைந்திருக்கின்றனர். இவரும் அவ்வாறே மறைந்திருக்கக் கூடும். அந்நேரத்தில் சாஸ்திரியார் தம் பொருளைத் தந்து உதவினார். பள்ளிப் படிப்பு நின்றுபோகாமல் நிறைவெய்தியது. அன்று அவ்வாசிரியர் கொடுத்த தொகை சிறிதாகவே இருந்திருக்கலாம். அதனால் உலகம் பெற்ற பயன் எத்தகையது என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

கல்லூரி வாழ்வும் தளர்ந்த விதியும்

பள்ளியிலிருந்து வெளிவந்த இளைஞர், கல்வி உதவித்தொகை பெற்று நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் பயின்றார். மீண்டும் ஓர் உதவித்தொகை கிடைக்கவே, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். அவருடைய கல்வி வாழ்வு முழுதும் பிறர் ஏற்றிவைத்த விளக்கின் ஒளியிலேயே நடந்தது எனலாம்.

அடுத்து ஆராய்ச்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தாலன்றி அவரால் ஓர் அடியும் எடுத்து வைக்க இயலாது. ஆனால் முதல் வகுப்பில் தேறியோர்க்கே அத்தொகை என்பது விதி. பிள்ளைக்கு முதல் வகுப்பு வாய்க்கவில்லை. அப்போது பேராசிரியர் ஒருவர் அவர்பொருட்டுப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவிடம் எடுத்துரைத்து, விதியைத் தளர்த்தச் செய்தார் என்பர். 1927ஆம் ஆண்டில் பிள்ளை சென்னையில் ஆராய்ச்சி மாணவரானார். மதிப்பெண் பட்டியல் மூடிய கதவை மனிதர் ஒருவரின் மதிப்பீடு திறந்து வைத்தது.

சென்னையில் அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஆனந்தராவ். இவர் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர். இராமானுசன் அங்கிருந்த காலத்தில் தாமும் அங்கிருந்தவர். வைத்தியநாதசாமி என்னும் பேராசிரியரின் தொடர்பும் பிள்ளைக்குக் கிட்டியது. எண் ஆராய்ச்சியின் புதிய போக்குகள் இவர்கள் வாயிலாக அவரை வந்தடைந்தன.

சிதம்பரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள்

1929ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டிலேயே பிள்ளை அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை அங்கேயே பணியாற்றினார். அவர் வாழ்வின் பொற்காலம் இதுவே. வகுப்பில் பாடம் நடத்துவதும் எஞ்சிய நேரத்தில் எண்களோடு உறவாடுவதுமாக அவர் நாள்கள் கழிந்தன. வட இந்தியக் கணித அறிஞர் சௌலாவுடன் இணைந்தும் ஆய்வுகள் செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் வழங்கியது.

அவர் கண்ட முடிவுகளுள் தலையாயது வேரிங் என்பாரின் வினாவுக்குக் கண்ட விடையாகும். கணிதம் பயிலாதவரும் இவ்வினாவைப் புரிந்துகொள்ள இயலும்.

எட்வர்டு வேரிங் என்னும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் 1770ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். எந்த முழு எண்ணையும் நான்குக்கு மேற்படாத வர்க்கங்களின் கூட்டுத் தொகையாக எழுதலாம். ஒன்பதுக்கு மேற்படாத கனங்களின் கூட்டாக எழுதலாம். பத்தொன்பதுக்கு மேற்படாத நான்காம் அடுக்குகளின் கூட்டாக எழுதலாம். மேலும் இவ்வாறே செல்லும் என்பது அக்கருத்து. சான்றாக 23 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். மூன்றின் கனம் 27 ஆதலால் அது 23க்குள் அடங்காது. இரண்டின் கனமாகிய 8ஐ இருமுறையும் 1ஐ ஏழுமுறையும் கூட்டினால் 23 வரும். ஆக ஒன்பது கனங்கள் தேவை. எட்டைக்கொண்டு முடிக்க இயலாது.

வேரிங் கருத்தைச் சொன்னாரேயன்றி நிறுவவில்லை. வர்க்கங்களுக்கு நான்கு போதும் என்பதை அதே 1770இல் லாக்ராஞ்சி நிறுவினார். ஒவ்வோர் அடுக்குக்கும் ஏதேனும் ஓர் எல்லை உண்டு என்பதை 1909இல் ஜெர்மானிய அறிஞர் ஹில்பர்ட் மெய்ப்பித்தார். ஆனால் அவ்வெல்லை எது? ஐந்தாம் அடுக்குக்கு எத்தனை? ஆறாம் அடுக்குக்கு எத்தனை? நூறாம் அடுக்குக்கு எத்தனை? இதற்கு விடையில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இத்தனை தேவை என்று காட்டுவது எளிது. ஆறாம் அடுக்கைப் பார்ப்போம். இரண்டின் ஆறாம் அடுக்கு 64. மூன்றின் ஆறாம் அடுக்கு 729. எனவே 703 என்னும் எண்ணை 64களையும் 1களையும் கொண்டே அமைக்க வேண்டும். பத்து 64கள் 640 ஆகும். எஞ்சிய 63க்கு அறுபத்துமூன்று 1கள் வேண்டும். ஆக 73 உறுப்புகள் இன்றியமையாதன. ஆனால் எவ்வளவு பெரிய எண்ணாயினும் 73க்கு மேல் வேண்டாம் என்று காட்டுவது எளிதன்று. எண்களுக்கு முடிவில்லை, ஒவ்வொன்றாகச் சோதித்து மாளாது.

ஹார்டியும் இராமானுசனும் வேறொரு சிக்கலுக்காகக் கண்ட முறையொன்றை, ஹார்டியும் லிட்டில்வுட்டும் வேரிங் வினாவுக்குப் பயன்படுத்தினர். உருசிய அறிஞர் வினோகிராடவ் 1930களின் நடுவில் அதனை மேலும் கூர்மையாக்கினார். இம்முறையால் மிகப்பெரிய எண்கள் அனைத்தையும் ஒருசேர வெல்லலாம். அவற்றுக்குக் கீழே எஞ்சும் எண்களை நுண்ணிய கணக்கால் படிப்படியாக வெல்ல வேண்டும். அவ்விரண்டையும் இணைத்து வென்றவர் பிள்ளை.

1935, 1936ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் பெரிய அடுக்குகளுக்கான பொது விடையைத் தந்தன. அவ்விடையைச் சொற்களில் சொல்லலாம். இரண்டை எத்தனையாம் அடுக்குக்கு உயர்த்துகிறோமோ அந்த எண்ணை எடுத்துக்கொள்க. ஒன்றரையை அதே அடுக்குக்கு உயர்த்தி, அதன் முழுப் பகுதியை அதனோடு கூட்டுக. இரண்டைக் கழிக்க. ஆறாம் அடுக்காயின் 64ஐயும் 11ஐயும் கூட்டி 2ஐக் கழித்தால் 73 வரும். எண்கள் ஒரு சிறு நிபந்தனைக்கு உட்பட்டால் இவ்வாய்பாடு பொருந்தும் எனப் பிள்ளை நிறுவினார். அந்நிபந்தனை பொய்க்கும் அடுக்கு ஒன்றேனும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. கணிப்பொறிகள் பல கோடி அடுக்குகள்வரை சோதித்தும் அது பொய்க்கவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முதுபெரும் பேராசிரியர் டிக்சனும் இதே விடையைத் தனியே கண்டார். ஒருபுறம் செல்வமும் புகழும் நிறைந்த சிக்காகோ. மறுபுறம் தோன்றி ஏழாண்டுகளே ஆன சிதம்பரத்துப் பல்கலைக்கழகம். இரண்டும் ஒரே எல்லைக்கோட்டை ஒருங்கே தொட்டன. ஆறாம் அடுக்கு தனித்த இடர்ப்பாடு உடையதாய் எஞ்சி நின்றது. 73 போதும் என்பதைப் பிள்ளை 1940இல் நிறுவினார். ஐந்தாம் அடுக்குக்கான 37ஐச் சீன அறிஞர் சென் 1964இல் நிறுவினார். நான்காம் அடுக்குக்கான 19 உறுதிப்பட 1986 வரை காத்திருக்க நேர்ந்தது. அதனை முடித்த மூவருள் ஒருவர் இந்தியரான பாலசுப்பிரமணியன் என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும். வேரிங்கின் வினா 216 ஆண்டுகள் நடந்த நெடும்பயணம். அதன் பெரும்பகுதியைக் கடக்கச் செய்தவர்களுள் வல்லத்துப் பிள்ளையும் ஒருவர்.

விடை காணாத வினா

அறிஞர்கள் இருவகையால் நினைக்கப்படுவர். தாம் கண்ட விடையால் நினைக்கப்படுவது ஒருவகை. தாம் எழுப்பிய வினாவால் நினைக்கப்படுவது மற்றொரு வகை. பிள்ளைக்கு இரண்டும் வாய்த்தன.

1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என வர்க்கம், கனம் முதலிய அடுக்கு எண்களை வரிசையாக எழுதுவோம். இவற்றுள் 8, 9 என்பன அடுத்தடுத்து நிற்பன. இவ்வாறு அடுத்தடுத்து நிற்கும் இணை வேறில்லை என்று 1844இல் கேட்டலன் என்பார் கருத்துரைத்தார். பிள்ளை இவ்வினாவை விரித்துப் பார்த்தார். வேறுபாடு 1 என ஏன் நிறுத்த வேண்டும்? வேறுபாடு 2 ஆகவோ 3 ஆகவோ வேறு எந்த எண்ணாகவோ இருந்தாலும், அத்தகைய இணைகள் ஓர் எண்ணிக்கைக்குள் அடங்கியே தீரும் என்றார். அஃதாவது இவ்வரிசையில் செல்லச் செல்ல இடைவெளிகள் எல்லையின்றி விரிந்துகொண்டே போகும். இது பிள்ளையின் கருதுகோள் என்று பெயர் பெற்றது. கேட்டலன் கருத்து 158 ஆண்டுகளுக்குப் பின், 2002இல் மிகாயிலெஸ்கு என்பவரால் மெய்ப்பிக்கப்பட்டது. பிள்ளை எழுப்பிய பொதுவினா இன்றும் விடையின்றி நிற்கிறது. 25க்கும் 27க்கும் உள்ளது போல இரண்டு வேறுபாடுடைய இணைகள் எண்ணி முடியத்தக்கனவா என்பதைக்கூட எவரும் இதுவரை நிறுவவில்லை.

மற்றொரு முடிவு சிறுவர்க்கும் சுவை பயப்பது. அடுத்தடுத்த 16 எண்களை எங்கிருந்து எடுத்தாலும், அவற்றுள் ஓர் எண்ணேனும் மற்ற எல்லாவற்றோடும் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாததாய் இருக்கும். 16க்குக் குறைந்த எண்ணிக்கைக்கும் இது பொருந்தும். 17 ஆயின் பொருந்தாது. 2184 முதல் 2200 வரை உள்ள 17 எண்களைப் பாருங்கள். 2189ஐயும் 2200ஐயும் 11 வகுக்கும். 2191ஐயும் 2184ஐயும் 7 வகுக்கும். 2197ஐயும் 2184ஐயும் 13 வகுக்கும். இவ்வாறு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு துணை உண்டு. தனித்து நிற்கும் எண் ஒன்றும் இல்லை. 16 வரை உண்மையாய் நிற்பது 17இல் உடைகிறது என்பதைக் கண்டு, 17 முதல் 430 வரை அது உடைவதையும் பிள்ளை நிறுவினார். அதற்கு மேலுள்ள எல்லா எண்ணிக்கைகளுக்கும் அது பொருந்தாது என்பதைப் பிரௌவர் என்னும் அறிஞர் 1941இல் நிறுவி நிறைவு செய்தார்.

கல்கத்தா வாழ்வு

1941இல் பிள்ளை சிதம்பரத்தை நீங்கித் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் சென்றார். ஓராண்டுக்குப் பின் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அங்குக் கணிதத்துறைக்குத் தலைமை வகித்தவர் லெவி. நாசி ஆட்சியின் கொடுமையால் ஜெர்மனியைவிட்டு வெளியேறி இந்தியாவில் தஞ்சம் புகுந்தவர். தென்கோடித் தமிழரும் நாடிழந்த ஜெர்மானியரும் ஒரே துறையில் எண்ணால் உறவு கொண்டனர். அறிவுக்கு எல்லைக்கோடு இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவை கல்கத்தாவுக்குக் கொடிய ஆண்டுகள். உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 1943இல் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. 1946இல் கலவரம் நகரைக் குருதியில் ஆழ்த்தியது. 1947இல் வங்கம் இரண்டாகப் பிளந்தது. இத்தகைய சூழலில்தான் பிள்ளை தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மேலே கூறிய புகழ்மிக்க கருதுகோளை 1945ஆம் ஆண்டில் கல்கத்தாக் கணிதக் கழகத்தின் இதழில்தான் வெளியிட்டார். அமைதியான சூழல் வாய்த்தால் படிப்பேன், ஆராய்வேன் என்று காலத்தைத் தள்ளுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

முடியாத பயணம்

1950ஆம் ஆண்டில் அவர் உழைப்புக்கு உரிய மதிப்புத் தேடி வந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டு தங்கி ஆராய அவரை அழைத்தது. ஐன்ஸ்டைன் வாழ்ந்துகொண்டிருந்த நிறுவனம் அது. அதே வேளையில் ஹார்வர்டில் உலகக் கணித அறிஞர் மாநாடு கூடவிருந்தது. போரினால் பதினான்கு ஆண்டுகள் கூடாதிருந்த மாநாடு அது. அதில் கலந்துகொண்டு பின் பிரின்ஸ்டன் செல்வதாகத் திட்டம். தம் 49ஆம் வயதில் பிள்ளை வானூர்தி ஏறினார்.

பம்பாயிலிருந்து நியூயார்க் நோக்கிச் சென்ற அவ்வானூர்தி கெய்ரோவில் நின்று, ரோம் நகருக்குப் புறப்பட்டது. சிறிது நேரத்தில் அதன் எஞ்சின் ஒன்று பழுதுற்றது. கெய்ரோவுக்குத் திரும்ப முயன்ற ஊர்தி, 1950 ஆகஸ்டு 31ஆம் நாள் எகிப்தியப் பாலைவனத்தில் வீழ்ந்து எரிந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். சண்டிகர் நகரத் திட்டத்தில் பணியாற்றிய போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் நொவிட்ஸ்கியும் அவர்களுள் ஒருவர். ஹார்வர்டில் மாநாடு முந்திய நாளே தொடங்கியிருந்தது. அங்கு அறிஞர்கள் கூடியிருக்க, அவர்களைக் காண வந்த தமிழர் வழியிலேயே மறைந்தார். வல்லத்தில் பிறந்த உயிர் நைல் நதி நாட்டு மணலில் பிரிந்தது.

நாம் பெறும் பாடம்

பிள்ளை எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுபதுக்கும் மேற்பட்டன. அவை பல இதழ்களில் சிதறிக் கிடந்தன. அவர் மறைந்து 60 ஆண்டுகள் கழித்து, 2010இல் அவை திரட்டப்பெற்று நூலாக வெளிவந்தன. அதுவரை அவர் பெயரைக் காத்தவை அவர் கண்ட எண்களே. சிலை வைத்துக் காக்கப்படும் பெயர் சிலையோடு மங்கும். செயலால் நிலைக்கும் பெயர் செயல் நிற்கும்வரை நிற்கும்.

இவ்வரலாற்றில் மூன்று இடங்களில் கதை முடிந்துபோயிருக்கக் கூடும். தந்தை மறைந்த நாளில் முடிந்திருக்கும். ஓர் ஆசிரியர் பொருள் தந்தார். கல்லூரிக்குப் பணமின்றி முடிந்திருக்கும், உதவித்தொகைகள் வந்தன. முதல் வகுப்பில்லை என்ற விதியால் முடிந்திருக்கும். பேராசிரியர் ஒருவர் வாதாடினார். இம்மூன்றுள் ஒன்று தவறியிருப்பினும், ஆறாம் அடுக்குக்கான 73ஐ வேறொருவர் வேறொரு காலத்தில் கண்டிருப்பார். தென்காசிப் பக்கத்தில் ஏதோ ஒரு கடையில் ஒருவர் கணக்கெழுதிக்கொண்டிருந்திருப்பார். அவர் யாரென்று நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

நம் வகுப்பறைகளின் கடைசி வரிசையில் இன்றும் அத்தகைய பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். தேர்வுக் கட்டணம் கட்ட இயலாமல் திடீரென வராமல் நின்றுவிடும் மாணவனின் இருக்கையை ஆசிரியர்களாகிய நாம் வெற்றிடமாக மட்டும் பார்த்தல் ஆகாது. ஊரில் கல்விக்கென ஒதுக்கும் தொகையைப் பெரியோர்கள் செலவாக மட்டும் எண்ணுதல் ஆகாது. சாஸ்திரியார், தாம் கொடுத்த பொருள் எங்கே சென்று முளைக்கும் என அறிந்து கொடுத்தவரல்லர். ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று கருதிக் கொடுத்தார், அவ்வளவே. மாணவ நண்பர்கள், முதல் வகுப்பு வாய்க்காத ஒருவர் வேரிங்கின் வினாவை வென்றார் என்பதை நினைவில் கொள்க. அவர் விட்டுச்சென்ற வினாவொன்று இன்னும் விடை காணாமல் காத்திருக்கிறது என்பதையும் நினைவில் கொள்க.